நம்ம மரக்காலும் அமெரிக்கப் படியும்

வாடா பேராண்டி, உக்காரு. மூஞ்சி ஏன் களத்துல நனைஞ்ச நெல்லு மாதிரி இருக்கு? மூணு நாளா மடியில லேப்டாப்பை வச்சுக்கிட்டு 3.4, 3.4னு ஜெபம் பண்றியே, என்ன அது? எனக்குக் காது மந்தம்னு வீடே நம்புது. அந்த வசதியில, உங்கக்கா அமெரிக்க காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்ட வருஷம் திண்ணையில படுத்தபடியே முக்கால்வாசி அமெரிக்காவைக் கேட்டு முடிச்சிட்டேன்.

யாரோ கன்சல்டன்ட்டாமே, உன் மார்க்கை அமெரிக்க மார்க்கா மாத்தித் தர எட்டாயிரம் வாங்கினானாம். எப்படி மாத்தினான்? 600க்கு 510, அப்போ நூத்துக்கு 85. அதை 25ஆல வகுத்தான், 3.4 வந்துது. ஒரு வகுத்தலுக்கு எட்டாயிரம்! நாப்பது வருஷம் நெல்லு மண்டியில கணக்கு எழுதினேன்டா நான். வகுத்தலுக்கு இந்தக் கூலி கிடைச்சிருந்தா ஒரு வேலி நிலம் வாங்கிப் போட்டிருப்பேன்.

மரக்கால்னா எட்டுப் படி, சரி. எந்த ஊர்ப் படி? மண்டியில முதல்ல அதைத்தான் கேப்போம். சில வியாபாரி வாங்க ஒரு படி, விக்க ஒரு படி வச்சிருப்பான். மார்க்கும் அந்த ஜாதிதான். பிரான்சுல 20க்குப் போடறான். அவங்க பள்ளி இறுதிப் பரீட்சையில 16 வாங்கினாலே பெரிய மரியாதை. நம்ம கணக்குல அது 80. உங்கம்மா அதுக்குப் பாயசம்கூட வைக்க மாட்டா. இங்கிலாந்து காலேஜ்ல 70 எடுத்தா முதல் வகுப்பு. ஜெர்மன்காரன் பள்ளிக்கூடத்துல எல்லாம் தலைகீழ்: 1 உசத்தி, 6 மட்டம். அந்த மார்க்கை உன் கன்சல்டன்ட் கையில குடுத்தா கடைசி பெஞ்சுக்காரன் கலெக்டராயிடுவான்.

அவ்வளவு தூரம் எதுக்கு? பிளஸ் டூ பரீட்சை 2018 வரைக்கும் 1200க்கு, 2019லேர்ந்து 600க்கு. உங்கப்பன் இன்னும் "நான் 940 வாங்கினவன்"னு உன்கிட்ட மார் தட்டறான், நீயும் வாயைப் பொளக்கறே. டவுன்ல உன் சித்தப்பா மகன் சிபிஎஸ்இல ஏ1 வாங்கினான்ல? அந்தப் பாடத்துல பாஸானவங்கள்ல மேல எட்டுல ஒரு பங்குக்குள்ள நின்னான்னு அர்த்தம். அதை எந்த 25ஆல வகுப்பே?

அமெரிக்காக்காரனாவது ஒழுங்கான்னு பாத்தா, ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2ங்கறான். கஷ்டமான பாடம் எடுத்த பிள்ளைக்குச் சில பள்ளிக்கூடம் 5 போட்டுடும். நாலுக்கு நாலரை வாங்கின பிள்ளை அங்க உண்டு! தலை வழிச்சு அளக்கிற இடத்துல கோபுரமா அளந்த கதை. அங்க பல பள்ளிக்கூடத்துல 90க்கு மேல போனாத்தான் ஏ. 85ன்னா பி, அதாவது 3. அப்போ உன் 3.4 எந்த நாட்டுக் காசு? இங்கேயும் செல்லாது, அங்கேயும் செல்லாது.

அதனால மாத்தாதே. பல காலேஜுக்கு ஒரே விண்ணப்பமாப் போடற காமன் ஆப்ல ஜிபிஏ, அதான் அந்த நாலுக்குப் போடற சராசரி, கேக்குற இடத்துல, பள்ளிக்கூடம் அப்படி ஒண்ணு போடலைன்னா 'இல்லை'ன்னு தட்ட வழி இருக்கு. தட்டிட்டுப் போ. பெரிய காலேஜ் பலதும், உங்க பள்ளிக்கூடம் குடுத்ததை அப்படியே அனுப்புங்கன்னுதான் சொல்லுது. அங்க வட்டாரத்துக்கு ஒரு ஆளு உக்காந்து வருஷா வருஷம் விண்ணப்பத்தைப் படிக்கிறான்; நம்ம மரக்கால் அவனுக்குத் தெரியும். மதிப்பீடு பண்ற கம்பெனி சான்று, காலேஜ் கேட்டா மட்டும். கேக்காம காசு கட்டாதே.

உன் வேர்வையை ஹெட்மாஸ்டர்கிட்டப் போய்ச் சிந்து. மார்க்கோட 'ஸ்கூல் புரொஃபைல்'னு ஒரு தாள் போகணும். மொத்தம் எவ்வளவு, பாஸ் மார்க் 35, எத்தனை பேர் எழுதினாங்க, பள்ளிக்கூடத்துலயே அதிகம் எவ்வளவு, இதெல்லாம் அதுல இருக்கணும். முதல் மார்க்கே 530ன்னு தெரிஞ்சாத்தானே உன் 510க்கு எடை? அந்த 510ம் வரும்னு எதிர்பாக்கிற மார்க்குதான், இன்னும் விளையாத நெல்லு. பல காலேஜுக்கு விண்ணப்பக் கடைசி நாள் ஜனவரி ஒண்ணாந்தேதி வாக்குல, ரிசல்ட் மே மாசம். நாத்து நடறப்பவே மகசூல் கேக்கறான். பாசத்துல ஹெட்மாஸ்டர் 590னு அடிச்சுவிடாம பாத்துக்க. கடைசி மார்க்கும் அனுப்பணும். ரொம்ப விழுந்தா குடுத்த சீட்டைத் திருப்பி வாங்கிக்குவான்.

இப்ப விஷயத்துக்கு வா. ஒம்பதாவதுலேர்ந்து நாலு வருஷ மார்க்கும் கேக்கறான்ல? ஒம்பதாவது ரேங்க் கார்டு காணோம்னு பரண் முழுக்கக் கலைச்சியாமே.

அது என் டிரங்குப் பெட்டியில, பத்திரத்துக்கு அடியில இருக்கு. கணக்குல 52. உங்கப்பன் பாத்தா தோலை உரிப்பான்னு ராத்திரி என்கிட்ட கொண்டாந்து அழுதியே, 'பெற்றோர்'ங்கற இடத்துல கையெழுத்துப் போட்டது யாரு? பயப்படாதே. 52லேர்ந்து ஏறி வந்திருக்கான்னுதான் காலேஜ்காரன் பாப்பான். மார்க்கைப் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டுலேர்ந்தே எடுத்துக்கச் சொல்லு, இந்தக் கார்டைத் தூக்கிட்டுப் போய் நீட்டாதே. என் கையெழுத்து ஹெட்மாஸ்டருக்கு நல்லாத் தெரியும்.

சாவி இடுப்புலதான் இருக்கு. நீ போய் ரெண்டு கவுளி கொழுந்து வெத்தலை வாங்கிட்டு வா. உங்கப்பன் வயல்லேர்ந்து திரும்ப இன்னும் அரை மணி நேரம் இருக்கு.