விமானத்தின் வயிறும் முகமும்

இந்த வாரம் புதுச்சேரியின் கருவடிக்குப்பத்திலிருந்தும் அதன் அக்கம்பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்கள் மட்டும். லாஸ்பேட்டை ஓடுதளத்துக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி வந்துவிடும் போலிருக்கிறது.

கே: எங்கள் மொட்டை மாடியிலிருந்து விமானத்தை எத்தனை படம் எடுத்தாலும் வயிறுதான் விழுகிறது. பத்திரிகைப் படங்களில் மட்டும் அது நம்மை நேருக்கு நேர் பார்ப்பது எப்படி? (வாசகி, கருவடிக்குப்பம்)

ப: அவர்கள் மாடி இன்னும் உயரம். அந்தப் படங்களை எடுப்பது இன்னொரு விமானத்திலிருந்து. ஒன்றில் போட்டோகிராபர், மற்றொன்றுதான் மாடல். இரண்டும் ஒரே வேகத்தில் சேர்ந்து பறக்கும். அமெரிக்காவின் பால் போவன் இதில் பெரிய கை. பழைய பி-25 குண்டுவீச்சு விமானத்தின் வாலில், போர்க்காலத்தில் துப்பாக்கிக்காரர் உட்கார்ந்த இடத்தில், இவர் கேமராவோடு உட்கார்ந்துகொள்வார். பின்னால் வரும் விமானம் தானாகவே முகத்தைக் காட்டும். டாஹோ ஏரியின் பனிமூட்டத்தை ஒட்டி ஒரு சைட்டேஷன் ஜெட் பறந்தபோது அவர் எடுத்த படம் புகழ்பெற்றது. இறக்கை நுனிகளிலிருந்து சுருண்டு இறங்கும் காற்று, பனியில் இரண்டு பெரிய சுருள்களை வரைந்திருக்கும். அந்தச் சுருளை நினைவில் வையுங்கள், கீழே இன்னொரு கேள்வியில் அது வருகிறது.

கே: என் படத்தில் ப்ரொப்பெல்லர் அசையாமல் நிற்கிறது. பார்த்தவர்கள் "பாவம், அப்புறம் என்ன ஆச்சு?" என்று துக்கம் விசாரிக்கிறார்கள். (லாஸ்பேட்டை)

ப: ஷட்டர் வேகத்தை 1/1000-க்கு மேல் வைத்திருப்பீர்கள். பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகப் பறக்கும்போது ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்று, அதாவது நொடிக்கு 40 சுற்று. 1/1000 நொடியில் அது நகர்வது 14 டிகிரிதான். அதனால் நின்றுபோனது போலத் தெரிகிறது. 1/80 நொடியில் சரியாக அரைச் சுற்று வரும். இரண்டு இலை இருப்பதால் அரைச் சுற்றே முழு வட்டமாகிவிடும்.

உங்கள் ஊருக்கு வரும் ஏடிஆர் 72-க்குக் கணக்கு வேறு. ஆறு இலை, அதிகபட்சம் நிமிடத்துக்கு 1,200 சுற்று. ஓர் இலை அடுத்த இலையின் இடத்துக்கு வர 1/120 நொடி ஆகும். ஆகவே 1/125 வைத்தாலே ஏறக்குறைய முழு வட்டம் கிடைக்கும். சுமார் 1,500 மீட்டர் ஓடுதளத்தில் பெரிய ஜெட்டுகளுக்கு வேலை இல்லை. 2024 டிசம்பரில் தொடங்கிய இண்டிகோ சேவையும் ஏடிஆர்தான். மொட்டை மாடிக்காரர்களுக்கு அதுவே அதிர்ஷ்டம், ஜெட்டில் சுழல்வது எதுவும் வெளியே தெரியாது.

இதில் ஒரு சங்கடம்: 1/80-ல் உங்கள் கையும் ஆடும். மேலே இருப்பவர்களுக்கு இஞ்சினின் நடுக்கமும் சேரும். பெரும்பாலான படங்கள் குப்பைக்குத்தான் போகும். அதற்கு வருத்தப்படுகிறவர் 1/250-ல் எடுத்து வட்டத்தின் ஒரு பகுதியோடு திருப்திப்படலாம்.

கே: செல்போனில் எடுத்தால் ப்ரொப்பெல்லர் வாழைப்பழம் மாதிரி வளைகிறதே? (முத்தியால்பேட்டை)

ப: செல்போன் கேமரா படத்தை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை, வரி வரியாக வாசிக்கிறது. அடுத்த வரிக்குப் போவதற்குள் இலை நகர்ந்துவிடுகிறது. விமானத்தைக் குறை சொல்லாதீர்கள்.

கே: பாரதியார் கருவடிக்குப்பம் குயில் தோப்பில் உலவிய காலத்தில் விமானம் இருந்ததா? (குயில் தோப்பு ரசிகர்)

ப: இருந்தது, சென்னையில். 1910-ல் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியின் உதவியோடு ஒரு விமானம் செய்து பறக்கவிட்டார். பாரதி அப்போது புதுச்சேரியில் தஞ்சமிருந்தார். பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்தால் கைது. 1918-ல் கடலூர் அருகே அதுதான் நடந்தது. வேடிக்கை பார்க்கப் போயிருக்க வழியில்லை. நமக்குக் குயில் பாட்டு கிடைத்தது.

கே: விலை உயர்ந்த கேமரா இருந்தால் வானத்தில் நல்ல படம் எடுத்துவிடலாம்தானே? (ரெயின்போ நகர்)

ப: முடியாது. சேர்ந்து பறக்கப் பயிற்சி பெற்ற இரண்டு பைலட்டுகள் கிடைத்தால் பழைய கேமராவே போதும். அவர்கள் இல்லாமல் எந்தக் கேமராவாலும் பயனில்லை. சாதாரண பைலட்டுக்குக் கற்றுத் தருவது மற்ற விமானங்களிலிருந்து விலகி இருக்கத்தான். ஒட்டிப் பறப்பது தனி வித்தை.

வித்தை தெரிந்தவர்களுக்கும் அது தப்பியதுண்டு. 1966 ஜூன் 8, கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துக்கு மேலே ஒரு விளம்பரப் படப்பிடிப்பு. ஜெனரல் எலெக்ட்ரிக் இஞ்சின் பூட்டிய ஐந்து விமானங்கள் வரிசையாகப் பறக்க, ஒரு லியர்ஜெட்டிலிருந்து படம் எடுத்தார்கள். நடுவில் எக்ஸ்பி-70 என்ற ராட்சத விமானம். அதன் பக்கத்தில் எஃப்-104-ல் ஜோ வாக்கர். நாசாவின் தலைசிறந்த பைலட்டுகளில் ஒருவர். அவருடைய விமானம் ராட்சதனின் இறக்கை நுனியைத் தொட்டது. போவன் படத்தில் அழகாகத் தெரிந்ததே, அதே காற்றுச்சுருள் அதை அப்படியே புரட்டிப் போட்டது. வாக்கரும், எக்ஸ்பி-70-ன் துணை பைலட் கார்ல் கிராஸும் இறந்தார்கள்.

அதனால்தான் விவரமானவர்கள் தரையிலேயே எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுகிறார்கள்: யார் யாரைப் பார்த்துப் பறப்பது, எந்த வேகம், ஒருவர் கண்ணில் மற்றவர் மறைந்தால் யார் எந்தப் பக்கம் விலகுவது. போட்டோகிராபர் இருக்கும் விமானம் ஆடாமல் அசையாமல் போகும். மாடல்தான் அதைப் பார்த்துத் தன் இடத்தைப் பிடிக்கும். ஜூம் லென்ஸுக்குள் கண்ணை வைத்திருப்பவருக்கு எது தூரம், எது பக்கம் என்று தெரியாது. எனவே "இன்னும் கிட்ட வா" என்று சொல்லும் உரிமை அவருக்குக் கிடையாது. அனுபவசாலிகள் சற்றுத் தள்ளியே பறந்து, படத்தைப் பிறகு வெட்டிக்கொள்கிறார்கள்.

கே: கதவைக் கழற்றிவிட்டு எடுப்பார்களாமே? (வைத்திக்குப்பம்)

ப: முறையான அனுமதி பெற்ற விமானங்களில் உண்டு. செஸ்னாவில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஜன்னல் மேல்நோக்கித் திறக்கும். அதன் தாங்கியை மெக்கானிக் கழற்றிவிட்டால், காற்றே ஜன்னலை இறக்கையோடு தூக்கிப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி வழியாக எடுத்தே தீர வேண்டுமென்றால் கறுப்புச் சட்டை போடுங்கள், வெள்ளைச் சட்டை படத்தில் பேயாக வந்து நிற்கும். போலரைசர் ஃபில்டர் வேண்டாம், பிளாஸ்டிக் கண்ணாடியில் வானவில் பூக்கும். முழங்கையை விமானத்தின் மேல் ஊன்றாதீர்கள், அதன் நடுக்கம் முழுவதும் உங்களுக்கு வந்துவிடும். லென்ஸ் மூடியைச் சட்டைப் பையில் போடாமல் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பறந்து போகிற மூடி வாலில் அடிக்கும்.

கே: நம் புதுச்சேரிக்கு மேலே எந்த நேரம், எந்த இடம் நல்லது? (ஏர்போர்ட் சாலை)

ப: விடிந்த முதல் ஒரு மணி நேரம். தரை சூடாகாததால் காற்று அமைதியாக இருக்கும். சூரியன் கடல் பக்கத்திலிருந்து தாழ்வாக அடிக்கும். வெறும் நீல வானத்தைப் பின்னணியாக வைத்தால் விமானம் எந்த ஊரில் பறக்கிறது என்றே தெரியாது. மரக்காணத்து உப்பளம், கழுவெளி, ஆரோவில்லின் பொன்னிற மாத்ரிமந்திர், கோடு போட்டது போன்ற பிரெஞ்சுத் தெருக்கள் என்று இங்கே பின்னணிக்குப் பஞ்சமில்லை. ஒரு தந்திரம்: இரண்டு விமானங்களும் சேர்ந்தே மெதுவாக ஒரு வட்டமடித்தால், ஒளி மூக்கிலும் விலாவிலும் வாலிலும் மாறி மாறி விழும். நீங்கள் இருந்த இடத்திலேயே இருந்து எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

கே: இதற்கெல்லாம் யாரிடம் அனுமதி கேட்பது? (கருவடிக்குப்பம்)

ப: 1937-ம் வருட விமான விதிகளில் 13-வது விதி, அரசு விமான நிலையத்திலோ பறக்கும் விமானத்திலிருந்தோ படம் எடுக்க, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏயின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்கிறது. ஜன்னலோரப் பயணி மேகத்தைப் படமெடுப்பதைத் தடுக்கவில்லை என்று 2020-ல் டிஜிசிஏ விளக்கம் சொன்னது. தனி விமானம் அமர்த்திப் படப்பிடிப்பு நடத்துபவர் அந்தப் பயணியாக வேடம் போட முடியாது.

கே: ட்ரோனை விட்டு விமானத்துக்குப் பக்கத்தில் போய் எடுத்தால் மலிவாக முடியுமே? (சாமிப்பிள்ளைத்தோட்டம்)

ப: 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றி ஓர் அடி உயரம்கூடப் பறக்கவிட முடியாது. உங்கள் வீடு அந்த எட்டுக்குள் சௌகரியமாக இருக்கிறது. ஏடிஆரில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ட்ரோனைப் பெட்டியில் வையுங்கள்.

கே: நான் கல்யாண போட்டோகிராபர். இந்தத் தொழிலுக்கு மாறலாமா? (பெயர் வெளியிட விரும்பாதவர், கருவடிக்குப்பம்)

ப: "இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று சொல்லியே பழகிய வாய் உங்களுடையது. இப்போதைக்கு வேண்டாம்.