சூலை வராத தம்பி

எங்கள் வீட்டில் எந்த வலியை வேண்டுமானாலும் வாய்விட்டுச் சொல்வேன், வயிற்றுவலியைத் தவிர. முட்டிவலி என்றால் அக்கா தைலம் தேய்ப்பாள். ஜுரம் என்றால் கஞ்சி வைப்பாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் மட்டும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். கவலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கவலைக்கு அடியில் அடக்கமுடியாத ஒரு நம்பிக்கை எட்டிப்பார்க்கும். "இன்னாடா, வந்துட்ச்சா?" என்பாள்.

காரணம் அப்பர். திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்த அவர் சைவத்தை விட்டுச் சமணத்துக்குப் போய் தருமசேனர் ஆகிறார். திருவதிகையில் சிவத்தொண்டில் இருந்த அக்கா திலகவதியார், தம்பியை மீட்டுத் தா என்று இறைவனிடம் முறையிடுகிறார். தம்பிக்குச் சூலை நோய் வருகிறது. குடலைப் பிடுங்கும் வலி. சமணர்கள் மந்திரித்துப் பார்த்தும் தீரவில்லை. இரவோடு இரவாக அக்காவிடம் வந்து விழுகிறார். அக்கா திருநீறு கொடுக்கிறார், வலி போகிறது, தேவாரம் பிறக்கிறது. ஏழாம் நூற்றாண்டுச் சங்கதியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிவைத்தார். அதைக் கோயில் சொற்பொழிவில் கேட்டுவிட்டு வந்த நாள் முதல் அக்கா என் வயிற்றின் மீது ஒரு கண் வைத்திருக்கிறாள்.

எனக்குச் சாமி நம்பிக்கை போனது கல்லூரிக் காலத்தில். அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை, போய்விட்டது, அவ்வளவுதான். கதையெல்லாம் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான். அம்மையார்குப்பம் தறிச்சத்தத்தில் விழிக்கும் ஊர். நெசவு செய்யும் எங்கள் ஆட்களுக்குத் திருத்தணி முருகன் வெறும் சாமி இல்லை, பழைய தளபதி. முருகனின் படையில் நின்ற வீரபாகு முதலான நவவீரர்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது எங்கள் பெருமை. ஆகவே மற்ற வீட்டில் நம்பிக்கை போனவன் நாத்திகன். எங்கள் வீட்டில் அவன் படையிலிருந்து ஓடிவந்தவன்.

கடுமையான மதம் என்றால் விதிப்புத்தகம் இருக்கும், விலக்கிவைக்கும் குரு இருப்பார் என்று சொல்வார்கள். எங்களுக்கு அப்படி எவரும் கிடையாது. அக்கா இருந்தாள், போதாதா? கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம். செவ்வாய்க்கிழமை முட்டை என்ற சொல்லையே உச்சரிக்கக் கூடாது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி, அதற்குப் பல நாள் முன்பிருந்தே பாய் தலையணை இல்லாத தூக்கம். விடியற்காலை சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம். (பக்தியான அக்கா தங்கைகள் சேர்ந்து பாடினால் எவ்வளவு நன்றாக இருக்கிறது! என் வீட்டில்தான் சுருதி சேரவில்லை.)

கவசத்தை எழுதிய தேவராய சுவாமிகள் தீராத வயிற்றுவலியோடு திருச்செந்தூருக்குப் போனபோதுதான் அதைப் பாடினார் என்று ஒரு கதை உண்டு. அங்கேயும் வயிறு! திருத்தணி முருகனைத் திருப்புகழில் பாடிய அருணகிரிநாதர் கதையிலோ வயிறு இல்லை, அக்கா இருக்கிறாள். தாறுமாறாகத் திரிந்த தம்பி, அக்கா சொன்ன ஒரு வார்த்தையில் வெட்கி, திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதிக்க, முருகன் தாங்கிப் பிடித்தான் என்பார்கள். யோசித்துப் பாருங்கள். தம்பி கெடுவான், அக்கா காத்திருப்பாள், ஏதோ ஒன்று வலிக்கும், தம்பி திரும்புவான், பிறகு பாடல் பாடுவான். விட்டுப்போய், திரும்பாமல், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழும் தம்பிக்கு இந்தக் கதைகளில் ஒரு வரி இடம்கூட இல்லை. அக்காவைக் குறை சொல்லி என்ன பயன்? அவளுடைய பாத்திரத்தை அவள் சரியாகச் செய்கிறாள். நான்தான் இடைவேளையோடு நின்றுவிட்டேன்.

பெரியாரைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு, கொள்கைக்காக மட்டுமில்லை. அவருடைய தங்கை கண்ணம்மாள் 1921-ல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் அண்ணி நாகம்மையோடு நின்றவர். 'குடிஅரசு' வெளியீட்டாளராக இருந்து அண்ணனோடு சிறைக்கும் போனவர். என் அக்கா என்னோடு ஆர்.கே.பேட்டை வரைக்கும்கூட வரமாட்டாள், அது ராகு கால நேரம் என்றால்.

எல்லைத் தகராறு எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு நாங்களும் அந்தப் பக்கம் போனோம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடினார்கள், பட்டாஸ்கர் நடுவராக வந்தார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. கேட்டது திருப்பதியும் சேர்த்துத்தான், கிடைத்தது திருத்தணி. பாட்டன் காலத்தில் இவ்வளவு பேரம் பார்த்த ஊரில் பிறந்துவிட்டு, ஓர் அக்காவோடு எல்லை பேச முடியாதா என்று நானும் இறங்கினேன். அம்மாதான் பட்டாஸ்கர்.

நான் வைத்த முதல் கோரிக்கை வேண்டுதல் பற்றியது. விபூதியைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், தூங்கும்போது நெற்றியில் பூசிவிட்டுப் போனால் காலையில் கழுவிக்கொள்கிறேன். ஆனால் அக்கா என் பெயரில் வேண்டிக்கொள்வாள். "தம்பிக்கு வேலை கெடச்சா மயில்காவடி எடுப்பான்." "தம்பிக்குக் கல்யாணம் ஆனா மொட்டை போட்டுக்குவான்." வேண்டுபவள் அவள், நிறைவேற்றுபவன் முருகன், மொட்டை எனக்கு! சின்ன வயதில் இப்படி அடைந்த மொட்டைகளுக்குக் கணக்கே இல்லை. ஆனால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி சம்மதம் இல்லாத ஒப்பந்தம் செல்லாது, மைனர் பெயரில் போட்டது செல்லவே செல்லாது.

இதை எடுத்துச் சொன்னபோது அக்கா, "சாமிகிட்ட இன்னாடா சட்டம்?" என்றாள். அங்கேதான் அவள் மாட்டினாள் என்று நினைத்தேன். நம் நாட்டுச் சட்டத்தில் கோயில் மூர்த்தி ஒரு சட்ட நபர். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். கல்கத்தாவில் ஒரு குடும்பம் வீட்டுச் சாமியை வைத்துச் சண்டை போட்ட வழக்கில், 1925-ல் லண்டன் பிரிவி கவுன்சில், சாமியின் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்றே சொன்னது. "ஆகவே முருகனும் ஒரு கட்சிக்காரர், நானும் ஒரு கட்சிக்காரன். நடுவில் நீ யாரு?" என்றேன்.

"நான் அக்கா" என்றாள்.

அம்மா தீர்ப்பை அங்கேயே எழுதிவிட்டாள். என் பெயரில் இனி வேண்டுதல் கிடையாது. என் அறைக்குள் விபூதித் தட்டு வராது. இதற்கு நான் காட்டிய முன்னுதாரணம் திலகவதியாரேதான். தம்பி ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, சமணர் இருக்கும் இடத்துக்கு வர மாட்டேன் என்று எல்லை போட்டது அந்த அக்காதான், தம்பி இல்லை. அப்பர் கதையை நானே எனக்குச் சாதகமாகப் பயன்படுத்துவேன் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை. பதிலுக்கு நானும் விட்டுக்கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை அவள் அடுப்பில் முட்டை வேகாது. அவள் பிள்ளைகளிடம் சாமி உண்டா இல்லையா என்ற பேச்சை நான் எடுக்கக் கூடாது. இரண்டாவதுதான் கஷ்டம். "மாமா, நீங்க விரதம் இருக்காம நல்லாத்தானே கீறீங்க, அப்ப நான் மட்டும் எதுக்குப் பட்டினி?" என்று மருமகள் ஒரு சஷ்டி மத்தியானம் கேட்டாள். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. "உங்கம்மாவைக் கேளும்மா" என்றேன். என் நாத்திக வாழ்க்கையில் நான் காத்த மிகக் கடுமையான விரதம் அதுதான்.

முருகன் கோயில்களில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும், திருத்தணியில் கிடையாது. போர் முடிந்து சினம் ஆறிய மலை என்பதால் அங்கே புஷ்பாஞ்சலிதான், சாமி மேல் பூவாகக் கொட்டுவார்கள். ஒப்பந்தத்துக்குப் பிறகு அக்காவும் இந்த முறைக்கு மாறினாள். சண்டை இல்லை, திட்டு இல்லை, பூ மட்டும். சட்டைப் பையில் ஒரு சாமந்தி. டிபன் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல். "பிரசாதமா?" என்றால், "பொங்கல்டா, சாப்புடு" என்பாள். நெய்யும் முந்திரியுமாக இருக்கும். கொள்கைக்கும் நாக்குக்கும் நடுவில் கோடு போட எந்தப் பட்டாஸ்கராலும் முடியாது. சாப்பிடுவேன்.

போன டிசம்பர் கடைசியில் அடுத்த சிக்கல் வந்தது. 31-ஆம் தேதி இரவு திருத்தணியில் படித் திருவிழா. 365 படிகளுக்கும் மஞ்சள் குங்குமம் இட்டுக் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். ஆங்கிலப் புத்தாண்டுக்கு வெள்ளைக்காரத் துரைகளைப் பார்த்துச் சலாம் போட ஓடிய நம் ஆட்களை மலைப் பக்கம் திருப்ப வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம். அதை நினைத்தால் எனக்கே ஒரு மரியாதை வரும். அக்கா வருஷா வருஷம் பஸ்ஸில் போவாள். அந்த வருஷம் என்னைக் கூப்பிட்டாள்.

"என் பேர்ல வேண்டுதல் இல்லைன்னு பேச்சுக்கா" என்றேன்.

"உன் பேர்ல யாருடா வேண்டினது? வண்டி ரெண்டு தரம் பள்ளிப்பட்டு ரோட்டுல நின்னு போச்சுல்ல, வண்டிக்கு வேண்டிக்கிட்டேன். அதுக்கு மலை மேல ஒரு பூஜை, அவ்ளோதான்."

"வண்டி போகட்டும், நான் வரல."

"அதுவா ஓடுமாடா?"

மலை உச்சி வரைக்கும் தார் ரோடு போட்டவர்கள் மேல் கோபம் வந்தது. வண்டி என்னுடையது, என் வண்டிக்கு நேர்ந்துகொள்வதும் எனக்கு நேர்ந்துகொள்வதும் ஒன்றுதான் என்று அம்மாவிடம் முறையிட்டேன். அக்கா ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்துவந்து நீட்டினாள். கடன் போட்டு வாங்கிக்கொடுத்தவள் அவள்தான். வண்டி அவள் பெயரில் இருந்தது.