சன்மானம் வரும் வரையில்

மாதச் சம்பளம் என்னும் பந்தத்தை உதறிவிட்டுச் சுயேச்சையாக எழுதிப் பிழைப்பவனுக்குத் தினமும் ஞாயிற்றுக்கிழமைதான் என்று உறவினர்கள் திடமாக அபிப்பிராயப்படுவதால், அதற்குச் சிறிதேனும் ஆதாரம் தரும்பொருட்டு, வாரம் ஒருமுறை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குச் செல்வதை ஒரு நியமமாகவே அனுஷ்டித்து வருகிறேன். சக எழுத்தாளர்களுக்கும் இதனைச் சிபாரிசு செய்கிறேன்.

1896இல் திறக்கப்பட்ட பழைய மண்டபத்தின் அழகை வர்ணிக்கப் பலர் இருக்கிறார்கள். என் ஆனந்தம் வேறு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசத்தில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் 30 நாட்களுக்குள், பதிப்பாளரின் சொந்தச் செலவிலேயே, இந்நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களை அடைந்தாக வேண்டும். 1956இல் வந்த திருத்தம் பத்திரிகைகளையும் இதில் சேர்த்துக்கொண்டது. தவறுவோருக்கு 50 ரூபாய் வரை அபராதமும் உண்டு. எழுதியவனுக்குச் சன்மானம் எத்தனை நாட்களில் சேரவேண்டும் என்பதில் மட்டும் அச்சட்டம் ஞானிகளுக்குரிய மௌனம் சாதிக்கிறது. ஆகையால் என் கட்டுரை பிரசுரமான சமாசாரத்தை ஆசிரியர் அறிவிக்க மறந்தாலும், அரசாங்கம் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கும் பிரதியை இலவசமாகப் படித்து நானே தெரிந்துகொள்கிறேன்.

சென்ற வாரம், போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பக்கத்து நாற்காலி இளைஞர், “சார் என்ன பண்றீங்க?” என்று வினவினார். சொன்னேன். அவர் மிகுந்த அனுதாபத்துடன், குரூப் நான்கு தேர்வுக்கான வயது வரம்பை எனக்கு விளக்கத் தொடங்கினார்.