மெழுகும் பழைய பனியனும்: காரின் பளபளப்பு குறித்த ஓர் ஆய்வு

காரின் பெயின்டைக் காக்கப் பூசப்படுவன மூவகைப்படும்: மெழுகு, சீலன்ட், செராமிக். இவற்றுள் எது சிறந்தது என்று அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் வாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

மெழுகுக் கட்சியார் மரபுவாதிகள். வடகிழக்குப் பிரேசிலில் வளரும் கார்னௌபா பனையே இவர்களுக்குப் பிரமாணம். வறட்சியில் ஈரம் போகாதிருக்க அப்பனை தன் ஓலைமேல் தானே மெழுகு பூசிக்கொள்கிறது. உருகுநிலை 82 டிகிரி செல்சியஸுக்கு மேல். ஆகவே சென்னையின் கத்திரி வெயிலுக்கும் அசையாது என்பர். அசையாததுதான், ஆனால் தனியாகத் தேய்க்கவும் வராது. எண்ணெயும் கரைப்பானும் சேர்த்துக் குழைத்தே டப்பாவில் அடைக்கிறார்கள். பூசினால் இரண்டொரு மாதம் நிற்கும்.

சீலன்ட் என்பது செயற்கை பாலிமர். ஆறு மாதம் தாங்கும். வேறு சுவாரசியம் இல்லை.

செராமிக் கட்சியாரின் மந்திரம் ‘9 எச்’. அது பென்சில் கணக்கு. அந்தக் கடினமுள்ள பென்சிலாலும் கீற முடியாது என்று பொருள். காரைக் கீறும் சிறுவர்கள் எவரும் பென்சில் எடுத்து வருவதில்லை என்பது இக்கட்டுரையாளரின் தாழ்மையான ஆட்சேபம்.

வெயில், காக்கை எச்சம், போர் தண்ணீரின் உப்பு: எதிரிகள் இம்மூன்றே என்பதில் மூன்று கட்சிக்கும் ஒற்றுமை உண்டு. நான்காவதை எவரும் கண்டுகொள்ளவில்லை. அது துணி.

பெயின்டின் மேலுள்ள கிளியர்கோட் சுமார் 40, 50 மைக்ரான். தலைமுடியை விட மெல்லியது. விடிகாலையில் வாட்ச்மேன் ஒரே வாளித் தண்ணீரில் எட்டு கார் துடைக்கிறார். முதல் காரின் டயர் மண் எட்டாவது காரின் பானட்டுக்கு வந்து சேர்கிறது. துணி, யாரோ கழித்துப்போட்ட பனியன். தரையில் விழுந்தால் ஓர் உதறு. மறுபடி அதே துடைப்பு. இரவு தெருவிளக்கடியில் பார்த்தால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாகக் கீறல். உண்மையில் அவை வட்டமல்ல. எல்லாத் திசையிலும் ஓடுபவை. வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மினுங்குவதால் அப்படித் தோற்றம்.

இதைக் கேட்ட செராமிக் கட்சிக்காரர் ஒருவர் இரண்டு வாளியும் மைக்ரோஃபைபர் துணியும் வாங்கி வாட்ச்மேனிடம் கொடுத்தார். “ரொம்ப மெத்துனு இருக்கு சார், இதைப் போய் அழுக்காக்குவானேன்?” என்று அவர் அதைத் தம் சைக்கிளுக்கு ஒதுக்கிக்கொண்டார். சைக்கிளை ஆய்ந்ததில் கீறல் ஏதும் தென்படவில்லை.