மீனுக்கும் முறை வையுங்கள்

கேள்வி: மீன் தொட்டியில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும்? எங்களுக்கே குழாயில் முறை வைத்துத்தான் தண்ணீர் வருகிறது!
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மீனுக்கும் முறை வையுங்கள்: வாரம் ஒருமுறை, கால் பங்கு மட்டும். மொத்தத்தையும் கொட்டிக் கழுவினால் தொட்டி பளபளக்கும், மீன் மிதக்கும். மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா ஃபில்டரிலும் கூழாங்கல்லிலும் குடியிருக்கிறது. குழாயடியில் தேய்த்து அதைக் காலி செய்துவிடாதீர்கள். உங்கள் குழாயில் ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரோ, காவிரித் தண்ணீரோ, குளோரின் கலந்தே வரும். அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். வெயிலில் வற்றியதை நிரப்புவது மாற்றியதாகாது. உப்பு உள்ளேயே தங்கிவிடும். எடுத்த தண்ணீரில் நைட்ரேட் இருக்கிறது. சாக்கடைக்கு விடாமல் மல்லிகைச் செடிக்கு ஊற்றுங்கள், பூவுக்குப் பேர்போன நிலக்கோட்டைக்கே போட்டியாகப் பூக்கட்டும்!