பந்திக்கு வா, அண்டாவைத் தொடாதே

வாடா பேராண்டி, வா. குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை போட்டாலும் போட்ட, ஊரே உன் தாராள மனசைத்தான் பேசுது. ரெண்டு கம்ப்யூட்டர், ரெண்டுலயும் ஒரே ஒரு கணக்கு, அதுவும் அட்மின் கணக்கு. யார் வந்து ஒக்காந்தாலும் அவன்தான் மொதலாளி. கர்ணன்கூட கேட்டதுக்கப்புறம்தான் கவசத்தைக் கழட்டினான். நீ கேக்கறதுக்கு முன்னாடியே கழட்டி மேசைமேல வச்சிடற.

அதனால உனக்கு வந்த வரும்படியையும் கணக்குப் போட்டுப் பாத்துடுவோம். பத்தாவது படிக்கிற பையன் பிரிண்ட் எடுக்க வந்தான். போறப்ப உனக்கு அன்பளிப்பா ரெண்டு கேம் ஏத்தி வச்சிட்டுப் போனான். இன்னொருத்தர் பென் டிரைவைச் சொருகினாரு. அதுல இருந்த ஷார்ட்கட் வைரஸ் உன் மெஷின்ல எறங்கி, அடுத்து வந்தவன் பென் டிரைவுல ஏறிக்கிச்சி. அவன் தங்கச்சி கல்யாணப் பத்திரிகை டிசைன் மறைஞ்சிபோய் அம்புக்குறி போட்ட ஐகான் மட்டும் பல்லை இளிச்சிக்கிட்டு நிக்குது. வேற ஒரு புத்திசாலி, காலாவதியான சாப்ட்வேரை ஓட்டறதுக்காக மெஷின் தேதியையே ஆறு மாசம் பின்னாடி தள்ளிட்டான். அப்புறம் டவுன்லோட்ஸ்னு ஒரு ஃபோல்டர் வச்சிருக்கியே, அதைத் தொறந்தா தாலுகாவே உள்ள இருக்கு. ஆதார், சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், பட்டா. வி.ஏ.ஓ. ஆபீஸ்ல கூட இவ்வளவு கைக்கெட்டுற தூரத்துல கெடைக்காது.

"கட்டுப்பாடு போட்டா வர்றவங்க கோச்சிக்குவாங்க தாத்தா"ங்கற. வடலூர் பக்கத்துலதானே இருக்கு, போய்ப் பாத்திருக்கியா? வள்ளலார் 1867-ல மூட்டின தருமசாலை அடுப்பு இன்னைக்கும் அணையல. பசின்னு வந்தா போதும், நீ யாரு, எந்த ஊரு, என்ன சாதின்னு கேக்காம பந்தியில ஒக்கார வைக்கிறாங்க. அதுக்காக ஒருத்தன் எழுந்து உள்ள போயி, அண்டாவுல ஒரு கை உப்பு அள்ளிப் போடறேன்னா விட்டுடுவாங்களா? விடலைன்னு எவனாவது கோச்சிக்கிட்டு எலையை விட்டு எழுந்து போயிருக்கானா?

உன் விண்டோஸ்ல அந்தப் பந்திக்குப் பேரு ஸ்டாண்டர்ட் யூசர். அதுல ஒக்காந்தவன் டைப் அடிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், என்.எல்.சி. அப்ரெண்டிஸ் விண்ணப்பம் போடலாம், கரண்டு பில் கட்டலாம். மெஷினுக்கே பொதுவா சாப்ட்வேர் ஏத்த முடியாது, அடுத்த கணக்குக்காரன் ஃபைலைத் தொறக்க முடியாது, கடிகாரத்தைத் திருப்ப முடியாது. தன் கணக்குக்குள்ள மட்டும் சின்னச் சின்ன ஆப் போட்டுக்கிற வழி இருக்கு, வைரஸும் அந்த எல்லைக்குள்ள ஆட்டம் போடும். அதையும் இப்பவே சொல்லிட்டேன், நாளைக்கு என்னை ஏசாதே. செட்டிங்ஸ்ல போயி அக்கவுண்ட்ஸ், அதுல அதர் யூசர்ஸ். டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சிடும். வர்றவங்களுக்கு குரோம்ல கெஸ்ட் விண்டோ தொறந்து கொடு. மூடினதும் பாத்த சுவடு போயிடும். இறக்கின ஃபைல் மட்டும் போகாது. அதை ஷட்டர் எறக்கறதுக்கு முன்னாடி நீதான் அழிக்கணும், ரீசைக்கிள் பின்னையும் சேத்து.

உன் தம்பி ராத்திரியில கடைச் சாவியைத் தூக்கிக்கிட்டுப் போறானாமே, படிக்கத்தான? அவனுக்குத் தனியா ஒரு லோக்கல் கணக்கு போடு. 'நெட் யூசர்' கட்டளையில 'டைம்ஸ்' சேத்து, காலையில இத்தனை மணியிலேர்ந்து சாயங்காலம் இத்தனை மணி வரைக்கும்னு தட்டிவிட்டா, மத்த நேரத்துல லாகின் ஆவாது. ஏற்கனவே உள்ள ஒக்காந்திருந்தான்னா மட்டும் எழுப்பி விடாது. அதுக்கு உங்க அம்மாதான் வரணும்.

ரொம்பவும் இறுக்கிடாத. அமெரிக்காவுல எம்.ஐ.டி.ல சி.டி.எஸ்.எஸ்.னு ஒண்ணு இருந்துது. பல பேர் ஒரே கம்ப்யூட்டரைப் பங்கு போட்டுக்கிட்டாங்க, ஆளுக்கொரு பாஸ்வேர்டு, இத்தனை நேரம்தான்னு அளவு. ஆராய்ச்சி மாணவர் ஆலன் ஷெர்ருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம். அவர் வேலைக்கு அது பத்தல. 1962-ல ஒரு துளையட்டையில, 'பாஸ்வேர்டு ஃபைலை அச்சடிச்சிக் கொடு'ன்னு எழுதிப் போட்டாரு. மெஷினும் மறுபேச்சு பேசாம எல்லார் பாஸ்வேர்டையும் அச்சடிச்சிக் கொடுத்துடுச்சி. மனுஷன் கால் நூற்றாண்டு கழிச்சித்தான் ஒத்துக்கிட்டாரு. எனக்கு அவர் மேல கோவம் வரல. வேலை செய்யறவனுக்கு நாலு மணி நேரம்னு அளந்து கொடுத்தவன் மேலதான் வருது. அதனால பிரிண்டரைப் பூட்டறது, யூடியூபைப் பூட்டறது, ரைட் கிளிக்கைப் பூட்டறதுன்னு வீரம் காட்டாத. அப்புறம் உன் பூட்டை ஒடைக்கறதையே பொழப்பா எடுத்துக்கிட்டு நாலு பசங்க வந்து ஒக்காந்துக்குவானுங்க.

போலீசு விஷயத்துக்கு வரேன், சிரிக்காத. 2011-ல வந்த சைபர் கஃபே விதியில, வந்து போனவங்க ரிஜிஸ்டரை ஒரு வருஷமாவது வச்சிருக்கணும்னு இருக்கு. கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல இருக்கக்கூடாதுன்னு அளவுகூடப் போட்டிருக்கான். நாளைக்கு உன் கடையிலேர்ந்து எவனாவது எவளுக்காவது அசிங்கமா மெயில் அனுப்பினா, மெஷின் கையைக் காட்டற ஆளு 'அட்மின்'. அது யாரு? நோட்டுல பேர் எழுதி வச்சா மட்டும் பத்தாது, நோட்டுல இருக்கறவனும் மெஷின்ல இருக்கறவனும் ஒருத்தன்தான்னு காட்ட வழி வேணும்.

மொதல்ல நீயும் சின்னக் கணக்குக்கு எறங்கு. எப்பவாவது அட்மின் வேலை வந்தா பாஸ்வேர்டு கேக்கும், அப்ப போட்டுக்க. திரை இருட்டாகி 'அனுமதிக்கலாமா'ன்னு ஒரு பெட்டி வருதே, 2007-ல விஸ்டா கடைக்கு வந்தப்பவே அது வந்துடுச்சி. நீ அதைப் படிச்சி நான் பாத்ததில்ல. ஆமாங்கற பட்டன்மேல உன் விரல் போற வேகத்துக்கு, கல்யாணத்துல நீ தாலி கட்டினதுகூட மெதுவுதான்.

என்ன, பாஸ்வேர்டு போட்டுட்டியா? கடைப் பேரு, பின்னாடி 123, அதுதானே? இல்லன்னு தலையாட்டாத. நேத்து நீ சாப்பிடப் போயிருந்தப்ப டீக்கடைப் பையன் எனக்கு சிட்டா எடுத்துக் கொடுத்தான், அதைத்தான் தட்டினான்.