நான் வாங்கினால் வரி வரும்

லண்டன் குரோய்டனில் டீசல் காரை ஆசைப்பட்டு வாங்கிய கடைசித் தமிழன் நானாகத்தான் இருக்கும். 2018 இல், நாலு வருஷம் ஓடிய கார். சாவியைத் தந்தபோது விற்றவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. என் பேரம் பேசும் திறமைக்கு அவர் தந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. கோர்டன் பிரவுன் நிதியமைச்சராக இருந்த காலத்தில், 2001 இல், கார் கக்கும் காபனீரொட்சைட்டின் அளவைப் பார்த்து ரோட் டாக்ஸ் போடும் முறை வந்தது. டீசல் குறைவாகக் குடித்துக் கூடத் தூரம் ஓடும்; காபன் குறைவு, வரியும் குறைவு. பத்து வருஷத்தில் இங்கே விற்ற புதுக் கார்களில் பாதி டீசல் என்றாகிவிட்டது. "வருஷத்துக்கு 30 பவுண்தான் வரி" என்று மனைவிக்குக் கணக்குக் காட்டினேன். "அப்ப ஏன் விக்கிறான்?" என்று கேட்டார். கார் விஷயம் உமக்கு விளங்காது என்றேன். அந்த வசனத்தை அவர் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறார்.

டீசல் புகையில் நைட்ரஜன் ஒட்சைட்டு என்றொரு வில்லன் இருப்பதும் எனக்குத் தெரியாததல்ல. 2015 இல் வொக்ஸ்வாகன் பிடிபட்ட கதையை வரி விடாமல் வாசித்தவன் நான். பரிசோதனை நடக்கிறது என்று காரே கண்டுபிடித்து, அந்த நேரம் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்க மென்பொருள் எழுதியிருந்தார்கள். என்ன மூளை என்று வியந்தேன். வியந்துவிட்டு டீசல் வாங்கினேன்.

பிறகு யூலெஸ் (ULEZ) என்ற புகைக் கட்டண வலயம் வந்தது. புகை கக்கும் பழைய வண்டிக்கு நாளுக்கு 12.50 பவுண். 2019 ஏப்ரலில் மத்திய லண்டனுக்கு மட்டும். அது பணக்காரர் பாடு என்றேன். 2021 ஒக்டோபரில் சவுத் சேர்க்குலர் ரோட் வரைக்கும் வந்தது. நாங்கள் அதற்கு இங்கால்தானே என்றேன். பக்கத்து புரொம்லி உட்பட ஐந்து கவுன்சில்கள் மேயர் சாதிக் கானுக்கு எதிராக வழக்குப் போட்டபோது, இனிக் கவலையில்லை என்று நாலு டயரையும் மாற்றினேன். 2023 ஜூலை 28 இல் அவர்கள் தோற்றார்கள். ஓகஸ்ட் 29 இல் முழு லண்டனும் உள்ளே. புது டயரோடு நானும் உள்ளே.

(அந்த வருஷமே குரோய்டன் கவுன்சில் டாக்ஸும் 15 வீதம் ஏறியது. முந்திய நவம்பரில்தான் வரவுசெலவு சரிக்கட்ட முடியவில்லை என்று கவுன்சில் மூன்றாம் தடவையாக அறிவித்திருந்தது. அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் கவுன்சிலுக்கும் நல்ல ஒற்றுமை.)

இதில் வயிறு எரிவது எங்கே என்றால், தோர்ன்டன் ஹீத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் நண்பரின் 2006 மைக்ராவைப் பார்க்கும்போது. பெற்றோல் கார். ஒரு பக்கக் கண்ணாடியை செலோடேப் தாங்குகிறது. ஆனால் யூலெஸ் கேட்கும் புகைத் தரம் பெற்றோலுக்கு யூரோ 4 போதும், டீசலுக்கு யூரோ 6 வேண்டும். அவருடையது தேறிவிட்டது, பளபளவென்று நிற்கும் என்னுடையது பெயில். 40 வருஷம் தாண்டிய வண்டிக்குப் புராதனச் சின்னம் என்று விலக்கும் உண்டு. என் கார் அதற்கு முப்பது வருஷம் இளமையாக இருந்து தொலைத்தது.

நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. இதைப் படித்தேன், மனதில் வைக்கவில்லை. ஒரு கல்யாண ரிசெப்ஷனில் 11 மணிக்கே எழும்பினோம். "ஐஸ்கிரீம் இப்ப வருது, இருந்து சாப்பிட்டுப் போ தம்பி" என்றார் மாமி. வனிலா, ஒரு கரண்டி. வீட்டுக்குத் திரும்பும் வழியில் கமரா நம்பர் பிளேட்டை வாசித்தபோது மணி 12 தாண்டி ஐந்து நிமிஷம். போனதற்கு ஒரு நாள், வந்ததற்கு இன்னொரு நாள். அந்த ஐஸ்கிரீம் 12.50 பவுண். அதுவும் பாதி உருகியிருந்தது.

ஆட்டோ பே என்று ஒரு வசதி இருக்கிறது. கார்டைப் பதிந்துவிட்டால் தானே கழியும். வருஷத்துக்கு 10 பவுண் என்றிருந்த கட்டணத்தையும் 2023 ஜனவரியிலேயே எடுத்துவிட்டார்கள். அரசாங்கத்திடம் கார்ட் விவரம் கொடுக்க நான் என்ன மடையனா? ஒவ்வொரு தடவையும் கூகிளில் தேடி, முதலில் வருவதை அமத்திக் கட்டினேன். முதலில் வந்தது விளம்பரம். கூலி வைத்துக் கட்டித்தரும் ஏதோ ஓர் இடைத்தரகர் தளம். அரசாங்கத்துக்குத் தரமறுத்த கார்டை ஆரென்றே தெரியாதவருக்குக் கொடுத்து, மேலதிகமாகக் காசும் கொடுத்தேன்.

ஒரு கிழமை அதையும் மறந்தேன். 180 பவுண் அபராதம் வந்தது. 14 நாளுக்குள் கட்டினால் 90. பாதி விலை என்றதும் கை தானாக ஓடிக் கட்டியது. மிச்சம் பிடித்துவிட்டேன் என்று அன்று பின்னேரம் வரை சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

காசு பிடுங்கும் வேலை என்று வீட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, மகள் போனில் ஒரு செய்தியைக் காட்டினாள். எலா அடூ-கிஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுப் பிள்ளை, லூயிஷத்தில் சவுத் சேர்க்குலருக்குக் கிட்ட இருந்தவள், 2013 இல் ஆஸ்துமா முற்றி இறந்துபோனாள். அந்தச் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். இந்த நாட்டில் அப்படியொரு முடிவு அதுதான் முதல். வாசித்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தேன். அபராதத்துக்கு எதிராக எழுதத் தொடங்கியிருந்த கடிதத்தை மட்டும், நல்ல ஆங்கிலமாக வந்திருந்ததால், இன்னும் அழிக்கவில்லை.

கடைசியில் 2,000 பவுண் உதவித்தொகைக்கு காரை உடைக்கக் கொடுத்தேன். இனி ஆரும் என்னைப் பிடிக்கேலாது என்று மின்சாரக் கார் வாங்கினேன். ரோட் டாக்ஸ் பூச்சியம். 2025 ஏப்ரலில் மின்சாரக் காருக்கும் ரோட் டாக்ஸ் வந்தது. நவம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் எழும்பி, 2028 ஏப்ரலிலிருந்து ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் 3 பென்ஸ் என்றார். டீவியை மனைவிதான் நிறுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை, அவருக்குத்தான் கார் விஷயம் விளங்காதே.

போன கிழமை மைக்ரா நண்பர் போன் எடுத்தார். கடைக்கூரையில் சோலார் போட யோசிக்கிறாராம்.

"நல்ல விஷயம்தானே, போடுங்கோ" என்றேன்.

"அதில்லை அண்ணை. நீங்கள் இன்னும் போடேல்லைத்தானே?"